அத்தை போட்ட பைப் லைன்

ஜூன் 9, ஞாயிறு

எண்ணெய் லைன் மறுபடி நின்றுவிட்டது. எழுதிப் பார்த்தாலாவது தப்பு எங்கே என்று பிடிபடுமா? தோட்டத்திலிருந்து சூரியகாந்தி விதை நகரும் பட்டையில் வருகிறது. ஆலை பிழிகிறது. எண்ணெய் பைப் வழியாக டேங்குக்குப் போகிறது. டேங்கிலிருந்து சுத்திகரிப்பு எந்திரம், அதைச் சூடாக்க அடியில் லாவா. கடைசியில் சொட்டுச் சொட்டாக ராக்கெட் எரிபொருள். ஒருவரும் ஒரு பொத்தானையும் தொடாமல் எல்லாம் தானாக ஓட வேண்டும். அதுதான் இந்த விளையாட்டின் சுகமே. அதுதான் ஓடவில்லை.

கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றுதான் வாங்கினேன். எந்திரமும் திரவமும் வருகிற மோட் என்கிற கூடுதல் தொகுப்பு ஒன்றை ஏற்றிவைத்து என்னைக் கெடுத்தவன் முகமது ரஃபீக். பூனாவில் எங்கள் கராடி ஆபீஸில் பக்கத்து சீட், வாணியம்பாடிக்காரன். ஊரின் மறுகோடியில், நிக்டியில் அவன் வீட்டிலிருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் நாங்கள் சேர்ந்து விளையாடும் சர்வர். நிலாவுக்குப் போவது என்று பொங்கல் சமயத்தில் சபதம் எடுத்தோம். இன்னும் பூமியில்தான் இருக்கிறோம்.

என் மனைவி ப்ரியா சொன்னாள்: "அம்மா புதன்கிழமை வர்றாங்க. பத்து நாள்."

"மாமா?"

"அம்மா மட்டும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

ஜூன் 12, புதன்

அத்தை வந்துவிட்டார். இரண்டு பெரிய பெட்டி, ஒரு பை, ஒரு வெட் கிரைண்டர்.

பத்து நாளைக்கு வருகிறவர் கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருவாரா? ப்ரியாவும் அதையேதான் யோசித்திருப்பாள். இருவருமே கேட்கவில்லை. நான் கிரைண்டரைத் தூக்கி லிஃப்டில் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 16, ஞாயிறு

ப்ரியா தினமும் ஆபீஸ் போகிறாள். எனக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆக, அன்றெல்லாம் வீட்டில் பகல் முழுக்க நானும் அத்தையும். கல்யாணமாகி நாலு வருடத்தில் அவரிடம் நான் பேசியது மொத்தம் இவ்வளவுதான்: "வாங்க அத்தை", "சாப்டேன் அத்தை", "போதும் அத்தை". இப்போதும் அந்த மூன்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாமா கந்தசாமி தினமும் எனக்கு போன் செய்கிறார். அத்தைக்குச் செய்தால் அவர் எடுப்பதில்லையாம்.

"அங்க மழைங்களா மாப்பிள்ளை?"

"ஆமாங்க மாமா."

"நல்ல மழைங்களா?"

"நல்ல மழைங்க மாமா."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, "சரி, வெச்சிடறனுங்க."

ஜூன் 19, புதன்

மாமா இன்றும் மழையைப் பற்றிக் கேட்டார். இன்று மழையே இல்லை. பெய்கிறது என்று சொல்லிவிட்டேன், பாவம்.

ஜூன் 22, சனி

பத்து நாள் முடிந்தது. ஊருக்குப் போகிற பேச்சே இல்லை. மாறாக, அத்தை சந்தன் நகர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

மத்தியானம் எண்ணெய் லைனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முறுக்குத் தட்டோடு வந்தவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அது என்னங்க மாப்பிள்ளை, செக்குங்களா?"

"ஆமாங்க அத்தை. எண்ணெய் பிழியுது."

"புண்ணாக்கு எங்க போகுது?"

சக்கையை நான் லாவாவில் கொட்டி எரித்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். பெற்ற பிள்ளையை நான் லாவாவில் போட்டதுபோல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மாடு இல்லீங்களா இந்த ஊர்ல?"

இருக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம் சும்மா சுற்றுகின்றன. சக்கையைப் போட்டால் தின்னுமா என்று எனக்குத் தெரியாது. போட்டுப் பார்த்தோம். தின்றது. அடுத்த நிமிடம் ஒரு கன்று.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜூன் 29, சனி

ப்ரியாவின் பழைய லேப்டாப் இனி அத்தையுடையது. உள்ளே அவர் பெயர் 'கோவை வனஜா'. முதல் ஒரு மணி நேரம் வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தார். மவுஸை இறக்கினால் தரை தெரியும் என்று சொன்னதும் தரையை மட்டுமே பார்த்து நடந்தார். அப்படியே லாவாவுக்குள் இறங்கிவிட்டார்.

"ஐயோ, வெந்துட்டனுங்க மாப்பிள்ளை!"

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று ப்ரியா பாதி ஷாம்பூவோடு ஓடி வந்தாள். அம்மா வெந்தது கம்ப்யூட்டரில்தான் என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நானே லாவாவில் இறங்கியிருக்கலாம்.

ஜூலை 6, சனி

ரஃபீக் போன் செய்தான். "டேய் கோகுல், சர்வர் ஏன்டா திணறுது? உள்ள போய்ப் பார்த்தா அடிவானம் வரைக்கும் டேங்கா நிக்குது. இன்னொரு பக்கம் அடிவானம் வரைக்கும் மாடு."

அத்தையின் வேலை. டேங்க் நிறைந்தால் எண்ணெயை எரிபொருளாக்க அனுப்ப வேண்டும், அதுதான் முறை. அத்தைக்கு அது மனசில்லை. நிறைந்தால் பக்கத்தில் இன்னொரு டேங்க் கட்டுகிறார்.

"அத்தை, இதெல்லாம் ராக்கெட்டுக்குத்தானுங்க."

"இருக்கட்டுங்க. ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகும்."

எண்ணெய், பால், தேன், எல்லாம் டேங்க் டேங்காக நிற்கிறது. என்ன ஆத்திர அவசரம் வரும்? உள்ளே இருப்பதே நாங்கள் மூன்று பேர். எங்கள் யாருக்கும் பசிகூட எடுப்பதில்லை.

இன்று ஹெட்செட் மாட்டி ரஃபீக்கோடும் பேசினார். அவன் முதல் வார்த்தையிலேயே "அம்மா" என்று ஆரம்பித்தான். "மாட்டைக் குறைங்கம்மா, கம்ப்யூட்டர் தாங்காது" என்று கெஞ்சினான். "நீங்க சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார் அத்தை. மாட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

ஜூலை 13, சனி

இன்று செய்ததை நினைத்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

அத்தை பால் டேங்கை எண்ணெய் பைப்போடு இணைத்துவிட்டார். ஒரு பைப்பில் இரண்டு திரவம் புகுந்தால் அவ்வளவுதான், மொத்த லைனும் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது. ஆறு மாத உழைப்பு. நான் எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"அந்த பைப்பை எடுங்க அத்தை. அது இல்ல, அதுக்கு அடுத்தது. இடது பக்கம். முதல்ல வால்வை மூடுங்க. அப்படி இல்ல. ஏன் அதைத் தொடறீங்க?"

நான் கத்தவில்லை. சத்தியமாகக் கத்தவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. ஒரு கட்டத்தில் அவர் கை மவுஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"பொறத்தால யாரும் நிக்கமாட்டாங்கன்னுதானுங்க மாப்பிள்ளை இங்க வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல், மூடிய லேப்டாப்பைப் பார்த்து.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன உங்க மாமா ரிட்டையர் ஆன நாள்ல இருந்து சமையக்கட்டுல என் பொறத்தாலதான் நிக்கறாரு. கடுகு வெடிக்குதுங்கறாரு. வெடிக்கத்தானே போடறோம்? அடுப்பைக் குறைங்கறாரு. குறைச்சா, ஏன் குறைச்சேங்கறாரு. மில்லுல சூப்பர்வைசரா இருந்தவருக்கு இப்ப மேய்க்க நான் ஒருத்திதான் இருக்கேன். ஒரு நா காபி ஆத்திட்டு இருக்கேன், டம்ளரை இன்னும் கொஞ்சம் உசத்திப் புடின்னாரு. அப்படியே கீழ வெச்சுட்டு டிக்கெட் போட்டுட்டேன்."

"சாரி அத்தை" என்று இங்கிலீஷில் சொன்னேன். தமிழில் மன்னிப்புக் கேட்டால் இன்னும் பெரிய தப்பு செய்தவனாகத் தெரிவேனோ என்று பயம். அவர் உள்ளே போய்விட்டார்.

நானும் அதையேதானே செஞ்சேன். ஏன்டா அங்க போய் நின்ன? ஒரு பைப்புக்கு?

ஜூலை 14, ஞாயிறு

காலையில் உப்புமா. சட்னி இல்லை. சர்க்கரையும் இல்லை. புரிந்தது.

ஜூலை 15, திங்கள்

ப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட சொல்லவே இல்ல பாரு," என்றாள். பிறகு, "நான் கேட்கவும் இல்ல," என்றாள். அப்பாவுக்கு போன் போட்டுத் திட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்புறம் அதற்கும் நான்தான் மழை நிலவரம் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தாள்.

சாயங்காலம் அத்தையிடம் போய்ச் சொன்னேன்: "எண்ணெய் லைன் இனிமே உங்களுதுங்க அத்தை. நானும் ரஃபீக்கும் அந்தப் பக்கமே வரமாட்டோம். ராக்கெட் கட்டற வேலையை மட்டும் பார்த்துக்கறோம்."

"அடைச்சது அடைச்சபடியா இருக்குதுங்களே?"

"உங்க லைன். நீங்க பார்த்துக்கங்க."

இரவுச் சாப்பாட்டுக்குச் சட்னி வந்தது. இரண்டு வகை.

ஜூலை 21, ஞாயிறு

லைன் ஓடுகிறது.

எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. அடைத்த பைப்பை எடுக்கவே இல்லை அவர். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பைப், மலையைச் சுற்றி, ஏரிக்கு அடியில் போய், மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்து, மறுபடி கிளம்பிய இடத்துக்கே வந்து, கடைசியில் சுத்திகரிப்பு எந்திரத்தைச் சேர்கிறது. நேராகப் போட்டிருந்தால் ஆலையிலிருந்து நாலு கட்டை தூரம்.

"நல்லாருக்குங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்துக்கொண்டேன், இப்போதும் வலிக்கிறது. "நல்லாருக்குங்க அத்தை. எண்ணெய்க்கும் ஊர் சுத்திப் பார்த்த மாதிரி ஆச்சு."

ரஃபீக்கைத்தான் அடக்க முடியவில்லை. "இது பைப்பாடா, தீர்த்த யாத்திரையாடா?" என்று தனியாக மெசேஜ் அனுப்பினான்.

ஜூலை 27, சனி

மாமாவின் போன். மழை விசாரணை. இந்த முறை அவர் மூச்சு விடுகிற இடத்தில் நானே புகுந்து பேசிவிட்டேன். அத்தை இங்கே ஒரு எண்ணெய் ஆலை நடத்துகிறார், மாடு வளர்க்கிறார், தேன் எடுக்கிறார், எல்லாம் கம்ப்யூட்டரில் என்று. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"சந்தோசமா இருக்காளுங்களா?"

"இருக்காங்க மாமா."

"அதுல நானும் வரலாமுங்களா மாப்பிள்ளை?"

ஆகஸ்ட் 3, சனி

பகல் முழுக்க போனில் வழி சொல்லிச் சொல்லி, மாமாவின் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டை ஏற்ற வைத்தேன். "மவுஸை மேலே கொண்டு போங்க" என்றால் கையோடு தூக்கிவிடுகிறார். "தூக்கிட்டனுங்க, ஒண்ணும் ஆகலீங்களே?"

ப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து தலையணையைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் விவாதம். ப்ரியா, "சொன்னா லேப்டாப்பைத் திறக்கவே மாட்டாங்க," என்றாள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அத்தை ஹாலிலிருந்து கூப்பிட்டார்: "மாப்பிள்ளை, யாருங்க அது என் தேன் டேங்க் மேல ஏறி நிக்கறது?"

"அது வந்து... மாமாங்க அத்தை."

திரையில் கோவை வனஜா உருவம் ஏணி ஏறிப் போனது. மாமாவின் உருவம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் டேங்க் விளிம்பில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அத்தை பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரே தள்ளு.

மாமா தேனுக்குள் விழுந்தார். தேனில் விழுந்தால் சாக மாட்டார்கள், ஆனால் ஏறி வர ஒரு யுகம் ஆகும். ஹெட்செட்டில் அவர் குரல்: "மாப்பிள்ளை, எல்லாம் மஞ்சளா தெரியுதுங்களே, கரண்ட் பிரச்சனைங்களா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். சிரித்தாரா அழுதாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மாமா தினமும் சாயங்காலம் வருகிறார். தினமும் சாகிறார். அத்தை ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் மாமா செத்துச் செத்து எழுந்து வரும் இடத்தில் இன்று யாரோ ஒரு வாளிப் பாலும் ஒரு படுக்கையும் வைத்திருந்தார்கள். நான் இல்லை. ரஃபீக்கும் இல்லை என்கிறான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கணபதி பண்டிகைக்கு டோல் மேளம் பழகும் கோஷ்டி எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தைப் பிடித்துவிட்டது. அந்தச் சத்தத்திலும் இன்று நடந்தது முழுக்கக் கேட்டது.

மாமா தனக்கென ஒரு சின்ன ஆலை வைத்து அத்தை லைனோடு சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையால் பொறுக்க முடியவில்லை. மனிதர் தேனில் முங்கியபோதுகூட வாய் திறக்காதவர், பைப் கோணலாகப் போனதும் திறந்துவிட்டார். முதல் பேச்சு!

"அங்க இல்லீங்க. இந்தப் பக்கம். ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? வால்வு, வால்வு! அதைத் தொடாதீங்க. ஒரு வேலை சொன்னா..."

அவர் உருவம் மாமாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மாமா தான் வைத்த பைப்பை எடுத்தார். எடுத்ததை வைத்தார். மறுபடி எடுத்தார்.

"வனஜா, நீ கொஞ்சம் அக்கட்டால நில்லு. பொறத்தால நின்னு சொல்லிட்டே இருந்தா எனக்குக் கை ஓடமாட்டேங்குது."

டோல் சத்தம் மட்டும். ரஃபீக்கும் ஹெட்செட்டில் இருந்தான். 'மச்சி, நான் கழண்டுக்கட்டுமா?' என்று மெசேஜ் அனுப்பினான். வெளியேறினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும், அசையாதே என்று பதில் போட்டேன்.

அத்தை நிதானமாகத்தான் கேட்டார். "ரெண்டு வருசமா எனக்கு எப்படி இருந்திருக்குங்க?"

மாமாவின் உருவம் கையில் பைப்போடு நின்றுகொண்டே இருந்தது.

"நான் உதவி பண்றதா நெனச்சுட்டேன் வனஜா."

"தெரியும்."

"வேற என்ன பண்றதுன்னு தெரியல. காலைல எந்திரிச்சா பகலு பூரா அப்படியே கிடக்குது."

"அதுவும் தெரியுங்க. சொல்லியிருக்கலாமில்ல?"

பிறகு மாமா கேட்டார்: "இந்த பைப்பு எந்தப் பக்கம்?"

"உங்க இஷ்டம்."

மாமா தன் இஷ்டத்துக்குப் போட்டார். லைன் மொத்தமும் அடைத்துக்கொண்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. டொய்ங். ரஃபீக் போய்விட்டான்.

ஆகஸ்ட் 17, சனி

ஏழு மாதக் கனவு இன்று பறந்தது. எங்களை விட்டுவிட்டு.

ராக்கெட் தயார். அத்தை லைன் அடைப்பைச் சரிசெய்து, ஒருவழியாக மனசு வைத்து டேங்குகளைத் திறந்தார். எரிபொருள் முழுசாக ஏறியது. ஒரே இருக்கை. முதலில் யார் போவது என்று நானும் ரஃபீக்கும் காசு சுண்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவன் நிக்டியில் சுண்டினால் நான் எப்படி நம்புவது, நான் இங்கே சுண்டினால் அவன் எப்படி நம்புவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் ஒரு பெரிய உறுமல். புகை. ராக்கெட்டைக் காணோம்.

"மாப்பிள்ளை," என்றது மாமாவின் குரல். "உக்கார எடம் இருந்துச்சேன்னு உக்காந்தனுங்க. எந்திரிக்கலாம்னு ஒரு பொத்தானை அமுக்கினேன். இப்ப எல்லாம் சாம்பல் கலரா இருக்குதுங்களே, இது எந்த ஊருங்க?"

ரஃபீக் அழுதான். மிகையாக எழுதவில்லை, அழுதான். திரும்பி வர எரிபொருள் கிடையாது. பூமியிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.

அத்தை சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ப்ரியா அறையிலிருந்து ஓடி வந்து கதவில் சாய்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கயே இருங்க," என்றார் அத்தை மாமாவிடம். "எதையும் தொடாதீங்க. எண்ணெய் ஆட்டிட்டு நானே வர்றேன்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீடே ஆலையாக மாறிவிட்டது. ப்ரியாவையும் உட்கார வைத்து விதை நட வைத்துவிட்டார். நானும் ரஃபீக்கும் கூலியாட்கள். மாமாவுக்கு நிலாவில் செய்ய எதுவும் இல்லை. பேசிக்கொண்டே இருந்தார். அத்தையும் பதில் சொல்லிக்கொண்டே பிழிந்தார். எதிர் வீட்டு நாய், ஈபி பில், மாமாவின் சர்க்கரை அளவு. இரண்டு மாதப் பேச்சு பாக்கி இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

இருவரும் திரும்பி வர எரிபொருளோடு அத்தை இரண்டாவது ராக்கெட்டில் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்தார். நானும் ரஃபீக்கும் கீழே நின்று கையாட்டினோம். நாங்கள் எப்போது போவோம் என்று கேட்டேன். "இருங்க மாப்பிள்ளை, மொதல்ல கொஞ்சம் சுத்திப் பார்த்துட்டு வந்துடறோம்," என்றார்.

இருவரும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார்கள். திரையில் இரண்டு சின்ன உருவங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெகுநேரம் அசையவில்லை. அத்தை உள் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார், கதவைச் சாத்திக்கொண்டு. மாமாவோடுதான். மழையைப் பற்றி இருக்காது.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட் பாருங்க மாப்பிள்ளை."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமில்லீங்க அத்தை?" என்றேன். சம்பிரதாயத்துக்கு வந்த வார்த்தை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை தோசையைத் திருப்பிப் போட்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஸ்டேஷனில் ப்ரியா அழுதாள். அத்தை அழவில்லை. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் கத்தினார்: "மாட்டைப் பார்த்துக்கங்க!" பக்கத்திலிருந்த தமிழ்க் குடும்பம் என்னை மரியாதையோடு பார்த்தது. பூனாவில் மாடு வைத்திருக்கிறான்!

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆபீஸ் வேலையில் இரண்டு வாரம் விளையாட்டுப் பக்கமே போக முடியவில்லை. இன்று காலையில் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. ஆலை நின்றிருந்தது. பட்டையில் விதை அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் மறுபடி சண்டையோ? கிட்டே போய்ப் பார்த்தேன். ஆலை வாசலில் அத்தை ஒரு பலகை நட்டு வைத்திருந்தார்:

'மாப்பிள்ளைக்கு. லைனை நாந்தான் நிறுத்துனேன், தொட வேண்டாம். அவரு தோசை ஊத்தறாரு. சாப்புட்டு வர்றோம். தோசை வட்டமா வரலீங்க. நான் ஒண்ணும் சொல்லல.'